இடது பக்கத்துப் பட்டை

பெரியவளுக்கும் சின்னவளுக்கும் முதல் நாளிலிருந்தே ஒத்துப்போகவில்லை. அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒன்பது வருட இடைவெளியில் ஒரே குடும்பத்துக்குள் வந்தவர்கள். வேறு வேறு தெருவில் குடியிருந்ததால் சண்டை வருடத்துக்கு நாலைந்து தடவையோடு அடங்கியிருந்தது. மாமனார் இறந்து, அவருடைய பழைய பாய்ப்படகை இரண்டு மகன்களுக்கும் பொதுவாக விட்டுப்போன பிறகுதான் அது வாராவாரம் நடக்க ஆரம்பித்தது.

படகுக்கு நாற்பத்தோரு வயது. முப்பத்தாறு அடி நீளம். உள்ளே நாலு பேர் படுக்க இடம், ஒரு சின்னச் சமையல் மேடை, கக்கூஸ் எல்லாம் உண்டு. மாமனாருக்கு முட்டி போனபிறகு ஆறு வருடம் படகுப் பட்டறையில் இரும்புக் கால்களின் மேல் நின்றபடியே கிடந்தது. ஜன்னல் வழியாக மழைத் தண்ணீர் இறங்கி மெத்தைகளில் பூஞ்சை பிடித்திருந்தது. கடல் தண்ணீரை உள்ளே விடும் வால்வுகளில் ஒன்றைக்கூடத் திருக முடியவில்லை. ஏணியில் ஏறி உள்ளே தலையை நீட்டிய பெரியவள், "இதை ரிப்பேர் பண்றதுக்குப் பதிலா தண்ணியில தள்ளிவிட்டு ஒரு கும்பிடு போட்டுடலாம்," என்றாள். அவள் கணவர் சிரிக்கவில்லை. அப்பாவின் படகு.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ஷிஃப்ட்டு வேலை. தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடை, ஞாயிற்றுக்கிழமை பாதி நாள்தான் ஓய்வு. ஆசைப்பட்டவர்கள் ஆண்கள், வேலை வந்து விழுந்தது பெண்கள் தலையில். பெரியவள் தையல் கடை வைத்திருந்தாள். கார் சீட்டு உறை, தார்ப்பாய், கடை வாசல் நிழல் துணி என்று தடித்த துணி எதுவானாலும் அவளிடம்தான் வரும். சின்னவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். எதையும் எழுதிவைக்காமல் நம்பமாட்டாள். முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு தடித்த கோப்போடு வந்து நின்றாள். படகில் செய்யவேண்டியவை நூற்றுப்பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் போட ஒரு கட்டம். அன்றிலிருந்து பெரியவள் அவளைப் பட்டியல் என்றுதான் முதுகுக்குப் பின்னால் சொல்வாள். மனம் கசந்திருக்கும் நாட்களில் முகத்துக்கு நேராகவும்.

"அக்கா, நீங்க மெத்தை, திரை, இதெல்லாம் பாத்துக்கோங்க," என்றாள் சின்னவள். "மத்ததை நான் பாத்துக்கறேன்."

"மத்ததுன்னா?"

"படகு."

அந்த ஒரு சொல்லைப் பெரியவள் ஒரு மாதம் மென்றுகொண்டிருந்தாள். அக்கா என்று கூப்பிடுவதில் சின்னவள் ஒருநாளும் குறைவைத்ததில்லை. அந்த அக்காவில் ஒரு சொட்டு வினிகர் இருக்கும், அவ்வளவுதான்.

மெத்தையோடு நிற்கிறவளா பெரியவள்? படகின் பெரிய பாயை ஒருநாள் வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோய்விட்டாள். துணி நன்றாகத்தான் இருந்தது, வெயிலில் நூல்தான் மட்கிப்போயிருந்தது. மெஷின்களைச் சுவரோரம் ஒதுக்கிப் பாயைத் தரையில் விரித்து, தையல் ஒவ்வொன்றையும் பிரித்து, வளைந்து வளைந்து ஓடும் இரட்டைத் தையலாகப் போட்டாள். மூன்று மூலைகளுக்கும் ஐந்து மடிப்புத் துணி வைத்து அடித்தாள். நாலு மாதம் அவளுக்கு ஞாயிறும் இல்லை, சாயங்காலமும் இல்லை. வலது கைக் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்து புதிது முளைத்தது. முடித்து மடித்துப் பட்டறையில் வைத்த அன்று, ரொம்ப நாளாக இல்லாத ஒரு நிம்மதி வந்தது.

அடுத்த வாரம் போனபோது அந்தப் பாய் படகுக்கு அடியில் தரையில் விரிந்து கிடந்தது. மேலே அடிப்பாகத்துக்கு ஆள் ஒருவர் சிவப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். சொட்டுச் சொட்டாகத் தையல் மேலெல்லாம் சிவப்பு.

"புதுப் பாய் வந்துடுச்சு அக்கா," என்றாள் சின்னவள், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல். "அளவு கொடுத்து கம்பெனியில பண்ணினது. இது வீட்டுத் தையல்தானே, கடல்ல நம்பி ஏத்த முடியாது. கீழ விரிக்க நல்லா உதவுது."

பட்டறைக்காரர் திடீரென்று தன் செருப்பில் எதையோ தேட ஆரம்பித்தார். பெரியவளுக்குக் காது மடல் இரண்டும் சுட்டன. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏணியில் ஏறி அறைக்குள் போனாள்.

அன்றைக்கு அவளுக்கிருந்த வேலை, உட்காரும் பலகைக்கு மேலே பக்கவாட்டுச் சுவருக்குப் புதுத் துணி போர்த்துவது. இடது பக்கத்து மரப்பலகையை நாலு திருகு கழற்றி எடுத்தாள். பின்னால் படகின் குறுக்குச் சுவரில் மூன்று விரல் அகலத்துக்கு ஓர் எஃகுப் பட்டை போல்ட்டு போட்டுப் பூட்டியிருந்தது. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பி மேலே தளத்தில் எந்தப் பட்டையில் மாட்டியிருக்கிறதோ, அதன் வால்தான் இது. தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே வருகிறது. வருகிற அந்த இடத்திலிருந்து அழுத முகம்போலப் பழுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. பெரியவள் சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்து அங்கே வைத்தாள். ஊசி முனை உள்ளே போயிற்று. பக்கவாட்டில் இழுத்தாள். பட்டையின் பாதி அகலத்துக்கு ஓடியது விரிசல்.

இழுப்பு எங்கே விழும், எது முதலில் கிழியும் என்பதெல்லாம் ஒரு தையல்காரிக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. இடது பக்கத்துக் காற்றில் பாய்மரம் முழுதும் தொங்குவது இந்தப் பட்டையில்தான். கூப்பிடத்தான் வாயைத் திறந்தாள்.

மேலே தளத்தில் சின்னவளின் குரல் கேட்டது. "கம்பி, பட்டை எல்லாம் பாத்தாச்சு. அது முடிஞ்சுது, டிக் போட்டாச்சு." பட்டறைக்காரர் ஏதோ கேட்டார். "அதான் பாத்தாச்சுன்னு சொல்றேன்ல. மேல பளபளன்னு இருக்கு பாருங்க."

பெரியவள் வாயை மூடிக்கொண்டாள். பாத்தாச்சு இல்லையா, சரி. பலகையைத் திரும்பப் பொருத்தினாள். நீலத் துணியை இழுத்துப் போர்த்தி, விளிம்பு மடித்து, சுருக்கம் ஒன்றில்லாமல் பித்தளை ஆணி அடித்தாள். அவ்வளவு நேர்த்தியாக அவள் கடையில்கூட ஒன்றைச் செய்ததில்லை.

அதன்பிறகு இரண்டு வாரம் தனக்குத்தானே என்னென்னவோ சொல்லிக்கொண்டாள். முதல் ஓட்டத்தில் கிரீச்சென்று சத்தம் வரும், தண்ணீர் சொட்டும், பட்டறைக்காரர் கண்டுபிடிப்பார், எல்லார் முன்னாலும் பட்டியலின் மானம் போகும். அது நடந்தால் போதும். அதற்குமேல் ஒன்றும் ஆகாது, உடைகிற அளவுக்கு இல்லை. துறைமுகத்துக்குள்ளேதானே ஓட்டப்போகிறார்கள். இப்படிச் சொல்லிக்கொள்வதற்கு இடையில், கடையில் நிற்கும்போது, அந்த ஊசி உள்ளே போன இடம் கண்ணுக்குள் வந்து நிற்கும். உடனே சிவப்புப் பெயின்ட் சொட்டிய தையலை நினைத்துக்கொள்வாள். சரியாகிவிடும்.

வெள்ளோட்டத்துக்கு நாள் குறித்தார்கள். சின்னவளும் கொழுந்தனும் போவதாக ஏற்பாடு. பெரியவளின் கணவருக்கு அன்று காலை ஷிஃப்ட்டு. சின்னவள் போனில் அரை மனதோடு கூப்பிட்டாள்.

"நீங்களும் வரலாம் அக்கா, மெத்தை எப்படி இருக்குன்னு பாக்கலாம்."

"நீயே உக்காந்து பாத்துக்கோ," என்று பெரியவள் வைத்துவிட்டாள்.

அன்று கடையைத் திறந்ததிலிருந்து எதுவும் ஓடவில்லை. இரண்டு ஊசி உடைத்தாள். பதினொரு மணிக்கு, பீரோ சாவி எங்கே என்று கேட்கும் சாக்கில் கணவருக்குப் போன் அடித்தாள். எடுத்ததும் காதைக் கிழிக்கிற காற்றுச் சத்தம்.

"எங்கங்க இருக்கீங்க?"

"ஷிஃப்ட்டை மாத்திக்கிட்டேன்!" என்று அவர் கத்தினார். குரலில் இருபது வயது குறைந்திருந்தது. "சொன்னா கத்துவேன்னுதான் சொல்லல. படகை நான்தான் ஓட்றேன். எப்படிப் போகுது தெரியுமா? அப்பா இருந்திருந்தா..."

"காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?"

"என்னது?"

"காத்து! எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். நல்லா சாஞ்சுக்கிட்டுப் போகுது. துறைமுக முனையைத் தாண்டி வெளிய வந்துட்டோம்."

"பாயை இறக்குங்க. இடது பக்கத்துப் பட்டை விரிசல் விட்டிருக்கு. உள்ள, துணிக்குப் பின்னால. நான் பாத்தேன். இப்பவே இறக்குங்க!"

"எப்ப பாத்தே?"

"கேள்வியெல்லாம் அப்புறம்! படகைக் காத்துக்கு நேரா திருப்புங்க, உங்க கால்ல விழறேன்!"

போனை அவர் எங்கேயோ போட்டுவிட்டார், அணைக்கவில்லை. அவர் தம்பியைக் கூப்பிட்டது கேட்டது. ஓடும் காலடி. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. அப்புறம் ஒரு சத்தம். தகரக் கூரை மேல் கல் விழுந்தாற்போல, ஒரே ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து கொழுந்தன் அலறினான்.

பெரியவள் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனில் இப்போது சின்னவளின் குரல் மட்டும் வந்தது. பரிசோதனைக் கூடத்தில் பேசுவதுபோல ஏற்ற இறக்கம் இல்லாத குரல், அண்ணனிடமும் தம்பியிடமும் மாறி மாறி. "மாமா, நேரா பிடிங்க. திருப்பாதீங்க, நேரா. நீங்க எழுந்திருக்காதீங்க, படுத்தே இருங்க. நான் கயிறு கட்டறேன்." எதுவோ கரகரவென்று சுற்றும் ஒலி. "கட்டியாச்சு. இன்ஜினைப் போடுங்க மாமா."

கடையைப் பூட்டாமலே ஓடினாள்.

நடந்தது இதுதான். படகு காற்றுக்கு நேராகத் திரும்பி முடிப்பதற்குள் பட்டை இரண்டாகப் பிய்ந்தது. அறுந்து பறந்த கம்பி, பாயை இறக்க முன்னால் போயிருந்த கொழுந்தனின் இடது தோளில் வீசியடித்தது. காறை எலும்பு முறிந்தது. காற்று முகத்துக்கு நேரே வந்துவிட்டதால் பாய்மரம் வில்லாக வளைந்ததோடு நின்றது, விழவில்லை. சின்னவள், பாய் ஏற்றும் உபரிக் கயிற்றை இடது விளிம்பில் இழுத்துக்கட்டி இறுக்கி, மரத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். இன்னும் அரை நிமிடம் தாமதித்திருந்தால் மரம் அவன் மேலேயே விழுந்திருக்கும் என்று பட்டறைக்காரர் பிற்பாடு சொன்னார்.

படகு துறைக்கு வந்தபோது பெரியவள் மரப்பாலத்தின் நுனியில் நின்றாள். கொழுந்தனைப் பலகையில் சாய்த்து உட்காரவைத்தார்கள். ஆம்புலன்ஸ் வரப் பத்து நிமிடம் ஆகும் என்றார்கள். அவன் முகம் வெளுத்திருந்தது. அவளுக்குக் கல்யாணமாகி வந்தபோது பத்தாவது படித்துக்கொண்டிருந்தவன். அவன் பள்ளிக்கூடச் சட்டைக்கு எத்தனை பொத்தான் தைத்திருப்பாள்! "ஒண்ணுமில்ல அண்ணி," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

சின்னவள் அறைக்குள் போனாள். சர்ரென்று துணி கிழியும் சத்தம் கேட்டது. நீலத் துணியைக் கையில் பிடித்தபடி மேலே வந்து பாலத்தில் இறங்கினாள்.

"இது உங்க தையல்தானே அக்கா?"

"ஆமா."

"எப்பப் போட்டீங்க?"

"ரெண்டு வாரம் முன்னாடி."

"மூடினப்புறம் தெரிஞ்சுதா, தெரிஞ்சப்புறம் மூடினீங்களா?"

"தெரிஞ்சப்புறம்தான்." உடனே தன்னையறியாமல், "நீயும்தான் பாத்தாச்சுன்னு டிக் போட்டே," என்றாள். சொல்லி முடிக்கும்போதே, சொல்லியிருக்கக்கூடாது என்று தெரிந்தது.

"ஆமா. நான் பாக்காம விட்டேன். நீங்க பாத்துட்டு விட்டீங்க."

"விடு," என்றான் கொழுந்தன். "அண்ணி போன் பண்ணலைன்னா இந்நேரம்..."

"நீங்க பேசாம உக்காருங்க." சின்னவள் அவன் பக்கம் திரும்பவேயில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அக்கா. மாமா போகாம, என் புருஷன் மட்டும் போயிருந்தா, நீங்க போன் பண்ணிருப்பீங்களா?"

பாலத்தில் பட்டறைக்காரர் நின்றார், பெயின்ட் அடிக்கிற ஆள் நின்றார், அவள் கணவர் கயிற்றைக் கையில் சுருட்டியபடி நின்றார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. காலையிலிருந்து கடையில் தவித்ததை நினைத்தாள். அந்தத் தவிப்பில் போனை எடுத்தபோது அடித்த எண் யாருடையது என்பதையும் நினைத்தாள். படகில் இருப்பதாக அவள் நினைத்தவர்களின் எண்ணை அல்ல. சாவி கேட்கத் தன் கணவருடைய எண்ணை.

"தெரியல," என்றாள்.

அவள் கணவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் அவர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார், சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டார். நாலாம் நாள் செருப்பு மாட்டும்போது மட்டும் ஒன்று சொன்னார். "உன் பாயை அவ கீழ விரிச்சது எனக்குத் தெரியும். அவகிட்ட சண்டை போடத்தான் இருந்தேன். இனி என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போடறது?" கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

கொழுந்தனைப் பார்க்க அவள் மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் சின்னவள் கதவை ஒரு சாண் திறந்து, "தூங்கறார்," என்றாள். மூன்றாவது தடவை உள்ளே அவன் போனில் யாருக்கோ கண்ணாடி பவர் சொல்லிக்கொண்டிருந்தது தெருவரைக்கும் கேட்டது. "நல்லாத் தூங்கறான்," என்றாள் பெரியவள். "ஆமா, தூக்கத்துல பேசுவார்," என்றாள் சின்னவள். கதவு மூடியது.

அடுத்த ஞாயிறு பெரியவள் நேரே பட்டறைக்குப் போனாள். படகு மறுபடியும் இரும்புக் கால்களின் மேல் நின்றது. பாய்மரத்தை இறக்கிப் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பட்டறைக்காரர் பார்த்தார், ஏணியைக் கொண்டுவந்து வைத்தார், போய்விட்டார். அவள் அறைக்குள் இறங்கி, தான் போர்த்திய துணி முழுவதையும் கழற்றினாள். இடது, வலது, முன்பக்கம், எல்லாம். பித்தளை ஆணிகளைப் பிடுங்கி டப்பாவில் போட்டாள். இரண்டு மணி நேரத்தில் ஆறு பட்டைகளும் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தன. முதல் போல்ட்டில் ஸ்பானரை மாட்டித் திருகினாள். மறுபக்கத் தலையும் கூடவே சுற்றியது. குறுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் ஒரு போல்ட்டும் கழலாது.

"யார் உங்கள உள்ள விட்டது?"

சின்னவள் படிக்கட்டில் நின்றாள். கையில் கோப்பு இல்லை.

"யாரும் விடல. நானா வந்தேன்."

"வெளிய போங்க."

"ஆறு பட்டையையும் எடுத்துட்டுப் போறேன். அந்தப் பக்கம் யாராவது பிடிக்கணும்."

"பட்டறைக்காரரைப் பிடிக்கச் சொல்லிக்கிறேன்."

"அவருக்கு இடுப்பு இந்தச் சந்துல நுழையாது."

சின்னவள் மறுபக்கத்து அறைக்குப் போனாள். முனகியபடி அவள் சந்துக்குள் உடம்பை நுழைப்பது பலகை வழியாகக் கேட்டது.

"பிடி," என்றாள் பெரியவள்.

"பிடிச்சாச்சு."

ஆறு பட்டை, பட்டைக்கு ஐந்து போல்ட்டு. சில நட்டுகள் நாற்பது வருடத்துத் துருவோடு ஒட்டிப்போய் அசைய மறுத்தன. எண்ணெய் விட்டுக் காத்திருந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. பிடி, பிடிச்சாச்சு என்பதைத் தவிரப் பேச்சு இல்லை. ஒருமுறை ஸ்பானர் நழுவிப் பெரியவளின் முழங்கை சுவரில் இடித்தது. அவள் கத்தியதற்கு அந்தப் பக்கத்திலிருந்து என்ன ஆச்சு என்றுகூட வரவில்லை. அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஆறும் வெளியே வந்தன. எடுத்துத் துடைத்துப் பார்த்ததில் வலது பக்கத்துப் பட்டை ஒன்றிலும் மயிரிழைக் கோடு ஓடியிருந்தது.

சின்னவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். "இதையும் பாத்தாச்சுன்னுதான் எழுதியிருந்தேன்," என்றாள், சுவரைப் பார்த்து.

"ஆமா. எழுதியிருந்தே," என்றாள் பெரியவள்.

ஆறுதலாக ஒன்று சொல்லியிருக்கலாம். வரவில்லை.

புதுப் பட்டைகளைக் கனமான எஃகில் வெட்டிவந்து, தளத்தில் பசை போட்டு, ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். பெரியவள் முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டையும் சின்னவள் இந்தப் பக்கம் வந்து, தன் ஸ்பானரை மாட்டி, இன்னொரு தடவை முறுக்கிப் பார்த்தாள். பெரியவளின் கண்ணெதிரிலேயே. முப்பது நட்டையும். "கைய எடுங்க," என்பாள், திருகிப் பார்ப்பாள், அடுத்ததுக்குப் போவாள். பெரியவள் கையை எடுத்துக்கொண்டு நின்றாள். துணி இனி வேண்டாம் என்று இருவரும் சொல்லிக்கொள்ளாமலே முடிவாயிற்று. பட்டைகள் அறைக்குள் அப்படியே திறந்தவாறு இருந்தன.

கொழுந்தன் தோள்கட்டை அவிழ்த்த வாரம் மறுபடியும் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். சின்னவள் அவனைக் கரையில் நிற்கச் சொல்லிவிட்டாள். அண்ணன்தான் சுக்கானைப் பிடித்தார். பெரியவள் மரப்பாலத்தில் நின்றாள், வழியனுப்ப வந்தவள்போல.

"ஏறுங்க," என்றாள் சின்னவள்.

"நானா?"

"நீங்கதான். இடது பக்கம் உக்காருங்க. கம்பிக்குப் பக்கத்துல."

பெரியவள் கணவரைப் பார்த்தாள். அவர் முன்னால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பயமா இருக்கா அண்ணி?" என்றான் கொழுந்தன் மெதுவாக. "வாயை மூடுடா," என்று சொல்லிவிட்டு ஏறினாள். தண்ணீரில் அந்தப் படகில் அவள் ஏறுவது அதுவே முதல் தடவை.

முனையைத் தாண்டியதும் காற்று இடது பக்கத்திலிருந்து வந்தது. கம்பெனிப் பாய் புடைத்தது. படகு வலப்பக்கம் சாய்ந்தது. அவள் தலைக்குப் பக்கத்தில் கம்பி வீணை நரம்புபோல விறைத்து லேசாக முனகியது. சின்னவள் எதிரே உட்கார்ந்து, கம்பியைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவளும் கண்ணை விலக்கவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே போனார்கள். பட்டை அசையவில்லை.

திரும்பும்போது பெரியவளுக்குக் குமட்டியது. விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள். சின்னவள் எழுந்துவரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே காலால் வாளியைத் தள்ளிவிட்டாள். வாளி சறுக்கி வந்து அவள் முட்டியில் இடித்து நின்றது.

"புதுப் பெயின்ட் அக்கா," என்றாள் சின்னவள். "வெளிய சிந்தாம வாந்தி எடுங்க."